டிராக்டர் சீட்டும் முதுகு வலியும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பாவுக்குச் சேறடிக்கும் நாட்களில் எங்கள் பக்கத்து டிராக்டர் ஓட்டுநர்கள் விடிகாலையில் ஏறினால் இரவு ஹெட்லைட் வெளிச்சத்தில்தான் இறங்குவார்கள். இறங்கியதும் யாரும் உடனே நிமிர்வதில்லை. ஒரு கையால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி, கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்பார்கள். நானும் அப்படிப் பல வருடம் நின்றவன். இந்தத் தொழிலுக்கு வந்தால் இந்த வலி இருக்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்பினேன். அந்த வலியில் பெரும்பங்கு சீட்டை நாம் வைத்துக்கொள்ளும் விதத்தால் வருவது என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கார், பஸ் எல்லாவற்றிலும் சக்கரத்துக்கும் நம் உடம்புக்கும் நடுவே பட்டை அல்லது ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் என்று தாங்குவதற்கு ஆள் இருக்கிறது. நம் ஊரில் ஓடும் டிராக்டர்களின் பின் அச்சில் அப்படி எதுவும் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றும் ஒரே இரும்பாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. வரப்பு ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் அந்த அடியைத் தாங்க டயரில் உள்ள காற்று, சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் என்ற இரண்டே இரண்டுதான் உண்டு. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, விநாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழுமாக ஆடும் ஆட்டத்தைத்தான் மிக அதிகமாக வாங்கிக்கொள்ளும். அந்தக் கதியில் ஆட்டினால் முதுகெலும்பு அதைத் தணிக்காது, பெருக்கிக்கொள்ளும். டிராக்டர் தன் டயர்களின் மேல் துள்ளுவதோ விநாடிக்கு 2 முதல் 4 தடவை. ரொம்பத் தள்ளி இல்லை.

மெத்தை மேல் மெத்தை

வலி வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். கடையில் நாலு அங்குல ஸ்பாஞ்ச் வாங்கி, ரெக்சின் தைத்து, இருக்கிற சீட்டின் மேல் கட்டிவிடுவார்கள். கட்டிய அன்று சொகுசாகத்தான் இருக்கும். பத்து நாளில் வலி திரும்பி வரும், சில பேருக்குக் கூடுதலாகவே வரும்.

காரணம் இருக்கிறது. மெத்தென்ற ஸ்பாஞ்ச் நாம் உட்கார்ந்ததுமே முக்கால்வாசி அமுங்கிவிடும். அதன் பிறகு பள்ளம் வந்தால் அமுங்க இடமில்லை, அடி நேராக இடுப்பு எலும்பில் விழும். சின்னச் சின்ன அதிர்வை ஸ்பாஞ்ச் மறைக்கும், முதுகைக் கெடுக்கும் பெரிய துள்ளலை அது நிறுத்தாது. மெத்தென்ற மெத்தை அந்தத் துள்ளலைக் கூட்டியும் விடும். அதற்கு மேல், சீட்டின் உயரம் நாலு அங்குலம் கூடிவிடுகிறது. கிளட்சை முழுசாக மிதிக்கக் கால் எட்டாமல் பிட்டத்தை முன்னால் நகர்த்தி உட்காருவோம். முதுகு சாய்மானத்தை விட்டு விலகிவிடும். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றுதான். மெத்தை போட்டதால் வந்த வினை இது.

சீட்டின் சொந்த ஸ்பாஞ்ச் கிழிந்து நைந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, அதே கனத்தில் அழுத்தமான ஸ்பாஞ்ச் வைத்து ரெக்சின் தைத்துக்கொள்ளுங்கள். விரலால் குத்தினால் அடிவரை போகாத அளவுக்கு அழுத்தம் வேண்டும். மழையில் நனைந்து தண்ணீர் குடித்த ஸ்பாஞ்ச் காய்ந்த பிறகும் பழைய பதத்துக்கு வராது. இரவில் சீட்டை மூடிவைக்க ஒரு தார்ப்பாய்த் துண்டு போதும்.

சீட்டுக்கடியில் இருக்கும் அந்தக் குமிழ்

இதுதான் எனக்குக் கண் திறந்த இடம். ஒரு நாள் ஹைட்ராலிக் வேலைக்காகப் பட்டறையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். மெக்கானிக் அண்ணன் என் நடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, நீ எத்தன கிலோ இருப்ப?"

"எம்பத்திரண்டுண்ணே."

"இங்க வந்து பாரு. சீட்டு அறுவதுல நிக்குது."

சீட்டுக்கு அடியில், வைக்கோல் தூசியும் காய்ந்த சேறும் அப்பிக் கிடந்த இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். ஒரு கறுப்புக் குமிழ். பக்கத்தில் தகட்டில் 50, 60, 70 என்று 120 வரை எண்கள். சிவப்பு முள் 60க்கு நேரே. எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் ஒல்லியான ஆள். அவருக்குச் சரியாக இருந்த ஸ்பிரிங்கில் நான் இரண்டு சம்பா ஓட்டியிருக்கிறேன். நான் உட்கார்ந்ததுமே ஸ்பிரிங் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு வரப்பிலும் "டக்"கென்று ஒரு சத்தம் வருமே, அதை வண்டியின் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்பில் இரும்பு இடித்து என் முதுகில் விழுந்த அடி அது.

எடையைச் சரிசெய்யும் குமிழோ கைப்பிடியோ இப்போது வரும் பெரும்பாலான டிராக்டர் சீட்டுகளில் இருக்கிறது. சில வண்டியில் முன்பக்கம், சிலவற்றில் பின்பக்கம் சாய்மானத்துக்குக் கீழே. எண்ணை உங்கள் எடைக்கு வைத்ததோடு நிறுத்தாதீர்கள். எண்ணெழுத்து அழிந்திருக்கலாம், பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அளந்தே பார்த்துவிடுங்கள். ஆள் இல்லாமல் சீட் நிற்கும் உயரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவரை ஓங்கி அழுத்தச் சொல்லி, அடியில் எங்கே முட்டுகிறது என்று குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் இருக்கிறது என்றால், நீங்கள் செருப்போ பூட்ஸோ போட்டு வழக்கம்போல் உட்கார்ந்ததும் சுமார் 4 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். மேலேயும் கீழேயும் ஆட இடம் இருந்தால்தான் ஸ்பிரிங் வேலை செய்யும். மேலேயே நின்றால் இறுக்கம் அதிகம், மரப்பலகையில் உட்கார்ந்த மாதிரி எல்லா அதிர்வும் ஏறும். கீழே போய் உட்கார்ந்தால் என் கதைதான்.

ஒரே டிராக்டரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். அப்பா 60 கிலோ, பிள்ளை 85 கிலோ என்றால் ஆள் மாறும்போது குமிழும் மாற வேண்டும். அரை நிமிட வேலை. பழைய வண்டிகளில் ஒற்றைப் பட்டை மேல் வெறும் இரும்புத் தட்டு சீட் இருக்கும். அதில் சரிசெய்ய எதுவுமில்லை. அதை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் சீட்டை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஷாக் அப்சர்பர் செத்துப்போனது தெரியாமல் ஓட்டுவது

சீட்டின் ஸ்பிரிங் அடியை வாங்கும், அதோடு சேர்ந்திருக்கும் ஷாக் அப்சர்பர் அந்த ஆட்டத்தை அடக்கும். இரண்டாவது போய்விட்டால் ஒரு பள்ளத்துக்கு நாலு தடவை துள்ளுவோம். சோதிப்பது எளிது. சீட்டை இரண்டு கையாலும் அடிவரை அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து, ஒரு சின்ன அசைவோடு நின்றால் சரி. மேலும் கீழுமாக ஊஞ்சலாடினால் ஷாக் அப்சர்பர் போய்விட்டது. அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பிப் பட்டையாக இறங்கியிருந்தாலும் அதே கதைதான். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் மூட்டுகளில் இருக்கும் புஷ் (உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. சேற்று வேலை முடிந்து வண்டியைக் கழுவும்போது சக்கரத்தைத்தான் எல்லோரும் தேய்த்துக் கழுவுகிறார்கள். சீட்டுக்கடியில் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் அந்தக் கைகளுக்குள் சேறு காய்ந்து இறுகினால், எவ்வளவு நல்ல ஸ்பிரிங்கும் அசையாது.

கால் எட்டும் தூரம்

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் லீவர் துருப்பிடித்து, ஷோரூமிலிருந்து வந்த இடத்திலேயே நிற்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளட்சைத் தரைவரை மிதித்த நிலையிலும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், முதுகின் கீழ்ப்பகுதி சாய்மானத்தைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைகிற இடம்தான் உங்கள் இடம். ஒவ்வொரு தடவை கிளட்ச் மிதிக்கும்போதும் இடுப்பு இடப்பக்கம் சரிகிறது என்றால் சீட் பின்னால் இருக்கிறது. சாய்மானம் தட்டையாக இருந்தால் ஒரு துண்டை உருட்டி இடுப்பு வளைவில் வைத்துக்கொள்ளலாம். பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்து ஓட்டாதீர்கள், இடுப்பு ஒரு பக்கம் தூக்கியே இருக்கும்.

டயரில் காற்று

சீட்டைப் பற்றிச் சொல்ல வந்தவன் டயருக்கு ஏன் போகிறான் என்று நினைக்க வேண்டாம். முதல் ஸ்பிரிங் டயர்தான். வைக்கோல் கட்டோ நெல் மூட்டையோ ஏற்றி டிரெய்லர் இழுக்கும்போது பின் டயரில் காற்றை ஏற்றுவோம். அது தேவைதான். அறுவடை முடிந்து உழவுக்கு இறங்கும்போது அதைக் குறைக்க மறந்துவிடுகிறோம். பல டிராக்டர் கையேடுகளில் வயல் வேலைக்குப் பின் டயருக்கு 12 முதல் 14 பவுண்டு என்ற அளவில்தான் இருக்கும். அதைவிட ஏழெட்டுப் பவுண்டு கூடுதலாக வைத்துப் புழுதி உழவு ஓட்டினால் காய்ந்த கட்டி ஒவ்வொன்றும் இடுப்பில் தெரியும். உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன அளவு என்று பார்த்து வயலுக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டயருக்குள் தண்ணீர் நிரப்புகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் அமுங்காது. முக்கால் டயர் தண்ணீர் என்றால் மெத்தையாக இருப்பது மிச்சக் கால் பங்குக் காற்று மட்டுமே. பிடிமானம் கூடும், துள்ளலும் கூடும்.

சேற்று வேலைக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலோடு ரோட்டில் ஓட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ரோடும் கெடும், முதுகும் கெடும். கழற்றி மாட்ட நேரமாகும் என்றுதான் செய்கிறோம். பக்கத்து வயல்களாகச் சேர்த்து வேலை ஒப்புக்கொண்டால் அந்த நேரம் மிச்சமாகும்.

வேகமும் நேரமும்

ஐரோப்பிய நாடுகளில் 2002இல் இதற்கென்றே ஒரு சட்ட அளவு வைத்தார்கள். எட்டு மணி நேர வேலையில் உடம்புக்கு வரும் அதிர்வு 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. அதிர்வின் முடுக்கத்தை மீட்டர், விநாடிக் கணக்கில் அளந்து சொல்லும் எண்கள் இவை. நமக்கு வேண்டியது இதற்குள் இருக்கும் கணக்கு. ஆட்டம் இரண்டு மடங்கானால் உட்காரக்கூடிய நேரம் பாதியாகக் குறையாது, கால் பங்காகக் குறையும். 0.5 அளவில் எட்டு மணி நேரம் என்றால், 1.0 அளவில் இரண்டு மணி நேரம்தான். மணிக்கணக்கில் வாடகை பேசிவிட்டு, சீக்கிரம் முடி என்று வயல்காரர் நிற்கும்போது ஒரு கியர் கூட்டுகிறோமே, அந்தக் கூடுதல் துள்ளல் முதுகில் எப்படி ஏறுகிறது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. கட்டி நிலத்தில் ஒரு கியர் குறையுங்கள். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள்.

திரும்பித் திரும்பிப் பார்ப்பது

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரோ ஒன்பது கொத்துக் கலப்பையோ மாட்டினால் கண் பாதி நேரம் பின்னால்தான் இருக்கும். ஹைட்ராலிக் லீவர் வலக்கைப் பக்கம் என்பதால் எப்போதும் வலப்பக்கமே திரும்புவோம். முறுக்கிய முதுகில் துள்ளல் விழுவது நேரான முதுகில் விழுவதைவிட அதிகக் கெடுதல். இரண்டு மட்கார்டிலும் பெரிய கண்ணாடி பொருத்திவிட்டால் பாதித் திருப்பம் குறையும். திரும்ப வேண்டியிருந்தால் கையை மட்கார்டில் ஊன்றி, தோளோடு இடுப்பையும் சேர்த்துத் திருப்புங்கள். ரோட்டவேட்டர் ஆழத்தை வயலின் தலைமாட்டிலேயே சரியாக வைத்துவிட்டால் நடுவில் பார்த்துக்கொண்டே இருக்க அவசியமில்லை. தேய்ந்த கத்தியும் உடைந்த கத்தியும் கலந்திருந்தால் அந்த அதிர்வும் சீட்டுக்குத்தான் வரும்.

இறங்கும் அந்த நிமிடம்

நாலு மணி நேரம் ஆடிய முதுகில் தசைகள் ஓய்ந்துபோயிருக்கும், எலும்புக்கு நடுவிலுள்ள தட்டுகள் அழுத்தத்தில் இருக்கும். அந்த நிலையில் படியிலிருந்து குதித்து, நேராகப் போய்க் கலப்பையைத் தூக்கி வண்டியில் மாட்டுவது அல்லது உர மூட்டையைத் தோளில் ஏற்றுவது. எனக்குத் தெரிந்து முதுகு "பிடித்துக்கொண்ட" ஓட்டுநர்களில் பல பேருக்கு அது ஓட்டும்போது பிடிக்கவில்லை, இந்த நிமிடத்தில்தான் பிடித்தது. வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்து இறங்குங்கள். தூக்குகிற வேலையை ஒரு கால் மணி நேரம் தள்ளி வையுங்கள்.

வலி ஊசி போட்டுக்கொண்டு அதே இரவில் மறுபடி ஏறுகிறவர்களைச் சீசனில் எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஊசி வலியை மறைக்கிறது, அடியை நிறுத்தவில்லை. இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான், அது சீட்டின் வேலையைச் செய்யாது. இடுப்பில் மட்டும் இருந்த வலி ஒரு காலில் முட்டிக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, கிளட்ச் மிதிக்கும் காலில் பலம் குறைந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடை இடுக்கில் உணர்வு இல்லாமல் போனாலும், சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ போகாமலோ ஆனாலும் நாட்டு வைத்தியம், எண்ணெய் நீவல் எதற்கும் காத்திருக்கக் கூடாது. அது முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக்கட்டு நசுங்கும் அறிகுறி. வயலைப் பாதியில் விட்டாவது அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.