இருமொழி மாணவர்களுக்கான ஆசிரியர் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல். இவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். மற்றவர்களின் வீடுகளில் அரபி, சீனம், போர்த்துகீசியம், வியட்நாமியம் என்று எத்தனையோ மொழிகள். இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கென்று பயிற்சிகளும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் பயிற்சி முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைகிற ஆசிரியர் பல இடங்களில் பழையபடியேதான் பாடம் நடத்துகிறார். அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பயிற்சியை வடிவமைத்த விதத்திலேயே கோளாறு இருக்கிறது. பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு குறைவு என்பதைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிறோம். ஆசிரியரின் சொந்தப் பாடத்துக்குள் மொழி எங்கெல்லாம் குறுக்கே நிற்கிறது என்பதைத் தொடாமலே விட்டுவிடுகிறோம்.

ஆங்கில ஆசிரியரை மட்டும் பயிற்சிக்கு அனுப்புவது

முதல் தவறு, யாரைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே நடந்துவிடுகிறது. ஆங்கிலம் கற்பிக்கும் சிறப்பாசிரியரை அனுப்பிவிட்டால் போதும் என்று நிர்வாகம் நினைக்கிறது. அந்தப் பிள்ளை அவரோடு இருப்பது நாளில் ஒரு மணி நேரமாக இருக்கலாம். மிச்ச நேரமெல்லாம் கணக்கு, அறிவியல், வரலாற்று ஆசிரியர்களின் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சட்டமும் இந்தப் பொறுப்பை ஒரே ஒரு ஆசிரியர் தலையில் கட்டவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்கள் தொடர்பான லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-ல் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாக ஆகாது. மொழி புரியாத பிள்ளைக்கு அந்தக் கல்வி பொருளற்றது என்றது அந்தத் தீர்ப்பு. அப்புறம் 1981-ல் டெக்சாஸிலிருந்து வந்த காஸ்டனேடா எதிர் பிக்கார்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது. பள்ளியின் திட்டம் கல்வி நிபுணர்கள் ஏற்கும் அடிப்படையில் அமைந்ததா? அதை நிறைவேற்றப் போதிய ஆளும் வசதியும் இருக்கிறதா? பலன் கிடைக்கிறதா என்று பார்த்துத் திருத்துகிறார்களா? இரண்டாவது கேள்விக்குள்தான் ஆசிரியர் பயிற்சி வருகிறது. அந்த வழக்கிலேயே இருமொழி ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சி போதாது என்று நீதிமன்றம் குறை கண்டது. ஆகவே பயிற்சி என்பது பள்ளி மனம் இருந்தால் செய்கிற உபகாரம் அல்ல.

அனுதாபத்தோடு நிறுத்திக்கொள்வது

பயிற்சிகளில் அடிக்கடி செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. பயிற்சியாளர் அங்கே யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் பத்து நிமிடம் பாடம் நடத்துவார். நீர்ச்சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். ஒருவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவார், இன்னொருவர் புரிந்த மாதிரி தலையாட்டுவார், மூன்றாமவர் போனை எடுத்துவிடுவார். தங்கள் வகுப்புப் பிள்ளைகள் செய்வதையே தாங்களும் செய்கிறோம் என்று உறைக்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் பல பயிற்சிகளில் இதுவே முடிவாகவும் ஆகிவிடுகிறது. "எவ்வளவு கஷ்டம் பார்த்தீர்களா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் இடைவேளைக்குப் போய்விடுகிறார்கள்.

அதே பாடத்தை அதே மொழியில் இரண்டாம் முறை நடத்த வேண்டும். இந்த முறை பயிற்சியாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி மேலே மூடி வைக்கிறார். மூடியின் உட்பக்கம் துளிகள் படிவதைக் காட்டி ஒரு சொல்லைச் சொல்கிறார். அதைப் பலகையில் எழுதுகிறார், படத்தில் அம்புக்குறி போடுகிறார். நாலு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார். பாதி எழுதிய வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்கிறார். பத்து நிமிடத்தில் அந்த ஆசிரியர்கள் தெரியாத மொழியில் ஒரு முழு வாக்கியம் சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் நான் என்ன மாற்றினேன்? அவர்களே பட்டியல் போடட்டும். மறுநாள் வகுப்புக்கு அவர்கள் எடுத்துப்போகப் போவது அந்தப் பட்டியலைத்தான்.

பாடத்தைத் தொடாமல் பொது உத்திகளை அடுக்குவது

'படம் காட்டுங்கள், மெதுவாகப் பேசுங்கள், குழுவாக உட்கார வையுங்கள்' என்று ஐம்பது உத்திகள் கொண்ட தாளைக் கையில் கொடுப்பதை இன்னும் பயிற்சி என்றே அழைக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கணக்கு ஆசிரியருக்கு அந்தத் தாளில் தன் கணக்கு எங்கேயும் தெரியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். வெப்பநிலை 12 டிகிரி. அது 'ரோஸ் பை 15' (15 டிகிரி கூடியது) என்றால் விடை 27. 'ரோஸ் டு 15' (15 டிகிரியை எட்டியது) என்றால் விடை 15. இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னஞ்சிறு சொல் வித்தியாசம். கூட்டலில் கெட்டிக்காரப் பிள்ளை, கண்ணில் பட்ட இரண்டு எண்களையும் கூட்டி, இரண்டுக்கும் 27 என்று எழுதிவிட்டுப் போகும். திருத்துகிற ஆசிரியர் 'எண்களைப் பற்றிய புரிதல் போதாது' என்று குறித்து, மறுபடி கூட்டல் பயிற்சித் தாளைக் கொடுப்பார். பிள்ளைக்குத் தெரியாதது கூட்டல் அல்ல என்பது அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆங்கிலத்திலேயே வளர்ந்தவருக்கு அந்தச் சின்னச் சொல் கண்ணில் படவே படாது. அதைப் பார்க்கப் பழக்குவதுதான் பயிற்சியின் முக்கிய வேலை.

இதற்கு வழி எளிமையானது. ஆசிரியர்கள் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தையே கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பாடக்குறிப்பு, பயிற்சித் தாள், தேர்வுக் கேள்வி எல்லாம். பாடத்துக்கே உரிய கலைச்சொற்களை ஒரு நிறத்தில் கோடிடட்டும். அவற்றை எப்படியும் சொல்லித்தருவார்கள். எல்லாப் பாடத்திலும் சாதாரணமாக வந்து போகும் சொற்களை இன்னொரு நிறத்தில் கோடிடட்டும்: ஒப்பிடுக, ஆகையால், எனினும், விட, தவிர. இவற்றை யாரும் சொல்லித்தருவதில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இரண்டாம் நிறத்தில்தான்.

சரளமாகப் பேசுகிறதே, அப்புறம் என்ன?

விளையாட்டு மைதானத்தில் கலகலவென்று ஆங்கிலம் பேசும் பிள்ளை, அறிவியல் கட்டுரையில் நாலு வரி எழுதத் திணறும். உடனே 'சோம்பேறி' அல்லது 'கவனம் இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு மொழி இரண்டு ஆண்டு வாக்கில் வந்துவிடலாம். பாடமொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இந்தத் தகவல் பல பயிற்சிகளில் ஒரு ஸ்லைடாக வந்து போய்விடுகிறது. அப்படிச் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரே பிள்ளை பேசியதையும் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பேசும்போது கையைக் காட்டி 'இது அங்கே போச்சு' என்று சொல்லிச் சமாளித்தது, எழுதும்போது ஏன் முடியாமல் போனது என்று அவர்களே ஆராயட்டும்.

இந்த இடத்தில் இன்னொரு தப்பான எண்ணமும் உடைய வேண்டும். ஆங்கிலம் கற்கும் பிள்ளை என்றாலே விமானத்தில் நேற்று வந்து இறங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்தவர்களே. சொந்த நாட்டில் ஒன்பதாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த பிள்ளை, போரினால் மூன்று வருடம் பள்ளியே போகாத பிள்ளை, ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்தும் 'ஆங்கிலம் கற்பவர்' என்ற பட்டியலிலிருந்து வெளியே வராத பிள்ளை: மூவருக்கும் ஒரே மருந்து என்றால் ஒருவருக்கும் கேட்காது.

வீட்டுமொழியைத் தடையாகப் பார்ப்பது

எனக்கு மிகவும் மனம் கொதிக்கிற தவறு இதுதான். பெற்றோர் சந்திப்பில், 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வான்' என்று நல்லெண்ணத்தோடுதான் ஆசிரியர் சொல்கிறார். அந்தத் தாய்க்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். கதை சொல்வது, காரணம் கேட்பது, வாதாடுவது, கோபித்துக்கொண்டு சமாதானம் ஆவது என்று பிள்ளையின் சிந்தனையை வளர்க்கிற வளமான பேச்சு அன்றோடு நின்று, 'சாப்பிடு', 'தூங்கு', 'வா' என்று சுருங்கிவிடும். ஆங்கிலமும் வளராது, இருந்ததும் போய்விடும். தாய்மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பும் எளிதாகிறது என்பது ஆய்வுகள் பலமுறை உறுதி செய்த விஷயம். காரணகாரியத் தொடர்பை ஒரு மொழியில் புரிந்துகொண்டவர் அடுத்த மொழியில் அதை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

அரசியலும் இதில் ஊசலாடியிருக்கிறது. கலிபோர்னியா வாக்காளர்கள் 1998-ல் 227-ஆம் முன்மொழிவை ஏற்று இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கினார்கள். 2016-ல் 58-ஆம் முன்மொழிவின் மூலம் அந்தக் கட்டுப்பாட்டை அவர்களே நீக்கினார்கள். இடையில் படித்து வெளியேறிய பிள்ளைகளுக்கு அந்த வருடங்கள் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

'எனக்கு அவர்கள் மொழி தெரியாதே, நான் என்ன செய்ய முடியும்?' என்பது ஆசிரியரின் நியாயமான கேள்வி. பயிற்சி இதற்குப் பதில் தர வேண்டும். ஒரே மொழி பேசும் இரு பிள்ளைகள் கணக்கைத் தங்கள் மொழியில் விவாதித்துவிட்டு விடையை ஆங்கிலத்தில் சொல்லலாம். முதல் வரைவைத் தாய்மொழியில் எழுதலாம். வீட்டில் பாட்டியிடம் கேட்டு வந்ததை வகுப்பில் விளக்கலாம். இதற்கு ஆசிரியர் அந்த மொழியைக் கற்க வேண்டியதில்லை, அனுமதித்தாலே போதும். அதேசமயம் பெற்றோரிடம் பேச அந்தப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கக் கூடாது. தன் மதிப்பெண் குறைந்ததைத் தானே அம்மாவுக்குச் சொல்லும் நிலையில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தலாகாது. பள்ளிதான் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இருமொழி ஆசிரியருக்குப் பயிற்சி தேவையில்லை என்று நினைப்பது

வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த ஆசிரியரை இருமொழி வகுப்பில் போட்டுவிட்டு, 'உங்களுக்குத்தான் மொழி தெரியுமே' என்று கைகழுவிவிடுவது உண்டு. சமையலறையிலும் திருமண வீட்டிலும் புழங்கிய மொழி அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னத்தையும் ஒளிச்சேர்க்கையையும் அந்த மொழியில் அவர் படித்ததே இல்லை. அவர் படித்த பள்ளியும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவருக்கு வேண்டியது அந்த மொழியிலேயே நடத்தும் பாடப் பயிற்சி. கிடைப்பதோ, ஆங்கிலத்தில் நடக்கும் பயிற்சியும், பள்ளி முழுக்க வரும் கடிதங்களை மொழிபெயர்க்கும் கூடுதல் வேலையும்.

பாடத்தையே நீர்த்துப்போகச் செய்வது

உதவி செய்வதும் பாடத்தைக் குறைப்பதும் வேறு வேறு. மற்ற பிள்ளைகள் புரட்சியின் காரணங்களை விவாதிக்கும்போது இந்தப் பிள்ளைக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கும் தாள், பார்க்கக் கருணையாகத் தெரியும். அந்தக் கருணையால் அது வருடாவருடம் பின்தங்கிப் போகும். கேள்வி அதேதான், படமும், தொடங்கிக் கொடுத்த வாக்கியமும், யோசிக்கக் கூடுதல் நேரமும்தான் மாற வேண்டியவை.

இதே குழப்பத்தின் மோசமான வடிவம், மொழி தெரியாமையைக் கற்றல் குறைபாடு என்று எண்ணுவது. கலிபோர்னியாவில் 1970-ல் தீர்க்கப்பட்ட டயானா வழக்கு இதைப் பற்றியது. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்து, அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான வகுப்பில் சேர்த்திருந்தார்கள். இனித் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று அந்த வழக்கில் உடன்பாடு ஏற்பட்டது. இன்று சில பள்ளிகள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. 'முதலில் ஆங்கிலம் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று உண்மையாகவே டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளையை மூன்று வருடம் காக்க வைக்கிறார்கள். தாய்மொழியிலும் இதே சிரமம் உண்டா, பேசத் தொடங்கியது எப்போது, அங்கே எழுத்துக் கூட்டி வாசித்தானா என்று பெற்றோரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்க ஆசிரியரைப் பழக்குங்கள். இரண்டு பக்கத் தவறுக்கும் அதுவே முதல் தடுப்பு.

ஒரு நாளில் முடித்துக் கருத்துப் படிவம் வாங்குவது

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் பயிற்சி, மாலையில் 'மிகவும் பயனுள்ளது' என்று டிக் அடித்த படிவங்கள், கோப்பில் கையெழுத்து. இதில் வகுப்பறையைப் பற்றிய தகவல் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980-களிலிருந்தே சொல்லிவருவது இதைத்தான்: விளக்கம் கேட்டு, செய்து காட்டப் பார்த்து, தானும் செய்து பார்த்தாலும்கூட, வகுப்பறையில் யாராவது தொடர்ந்து துணைக்கு இருந்தால்தான் புதிய முறை ஆசிரியரிடம் நிலைக்கிறது. ஆறு நாள் பயிற்சிக்குப் பணம் இருந்தால் இரண்டு நாளை அரங்கில் செலவழியுங்கள். மீதி நாலையும் வருடம் முழுக்க வகுப்பறைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

அப்படித் துணைக்கு வந்து பின்வரிசையில் உட்காருபவர் ஆசிரியரை அதிகம் பார்க்க வேண்டியதில்லை. ஆங்கிலம் கற்கும் இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வகுப்பில் அவர்கள் எத்தனை முறை வாய் திறந்தார்கள், ஒற்றைச் சொல்லா, முழு வாக்கியமா, யாரிடம் பேசினார்கள் என்று எழுதட்டும். 'எல்லாருக்கும் புரிந்ததா?' என்ற கேள்விக்குத் தலையாட்டியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆறு வாரம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடி பார்த்து எழுதட்டும். பயிற்சி வேலை செய்ததா என்பது அந்த இரண்டு தாள்களில் தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கெடுப்பில் ஆங்கிலத் தேர்வில் தேறி, 'ஆங்கிலம் கற்பவர்' பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் அமெரிக்க மத்திய கல்விச் சட்டப்படி, பட்டியலிலிருந்து நீங்கிய பின்னும் நான்கு ஆண்டுகளுக்கு அவர்களின் பாடத் தேர்ச்சி விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்த விவரம் அலுவலகத்தில் இருக்கும். வகுப்பாசிரியர் கைக்கு வருவதில்லை. பயிற்சியின் முதல் நாளிலேயே ஒவ்வொரு ஆசிரியரிடமும் அவரவர் வகுப்புப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இந்தப் பிள்ளைகள் யார் யார் என்று குறித்துக்கொள்ளச் செய்துவிடலாம்.