செட்டிநாட்டு வீட்டுக்குள் சிமெண்ட் மூட்டையோடு போகாதீர்கள்

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் போனால், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நூறு வருடத்து வீடுகள் நீண்டு கிடக்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. "அதான் யுனெஸ்கோ பாத்துக்குதே" என்று நினைப்பதுதான் முதல் தவறு. உத்தேசப் பட்டியல் என்பது பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அது ஒரு தூணைக்கூடக் காப்பாற்றாது.

பெரிய கேடு ரிப்பேரில்தான் வருகிறது. சுவரில் ஈரம் தெரிந்ததும் கொத்தனார் சொல்வார்: "பழசைக் கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம், ரெண்டே நாள்." தலையாட்டிவிடாதீர்கள். செங்கலும் சுண்ணாம்பும் மழையில் ஈரம் குடித்து வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்புப் பூத்து, உள்ளே செங்கல் பொடியாகும். சில மழைக்காலம் கழித்து விரலால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகக் கேட்கும். அப்புறம் பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் அது. சித்திரையிலும் கை வைத்தால் குளிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்கும்வரை சும்மா விட்டுவைப்பதே மேல். அதற்குள், ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்று கூரையைப் பாருங்கள். ஓடு நகர்ந்திருக்கும், இல்லையென்றால் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். அதையும் வெறுமனே ஒடித்துப் போடக் கூடாது. வேர் உள்ளே இருந்தால் அடுத்த மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும்.

சாரல் அடிக்கிறதென்று முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு மூடுகிறார்கள். சூடான காற்று மேலேறிப் போவது அந்த வழியாகத்தான். மூடிவிட்டு ஏசி வாங்குவது தனிக்கதை.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது. அது கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட் கல்; ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்து நிறம் வெளுக்கும். தண்ணீரில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும்.

கடைசியாக, பங்காளிகள் கூடி "பூட்டித்தானே கிடக்கு, ரெண்டு தூணை மட்டும் குடுத்துடலாம்" என்று முடிவெடுப்பது. பர்மா தேக்குக்குப் பழம்பொருள் கடையில் கிராக்கி குறையவில்லை. தூண் போன இடத்தில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்திருந்த வீடு ஒன்றைப் பார்த்தேன். உத்தரம் நடுவில் தொய்ந்திருந்தது. விற்ற பணம் எத்தனை பங்காகப் பிரிந்ததோ.