மனம் சோர்ந்திருக்கும்போது எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது?

மனச்சோர்வில் இருப்பவருக்குப் பெரிய நாவல் ஒன்றை வாங்கிக் கொடுத்துப் படிக்கச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கவனம் நிலைக்காமை அந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பதால், பாதியில் நின்றுபோன புத்தகம் குற்ற உணர்வையே கூட்டும். ஏற்கெனவே படித்து முடிவு தெரிந்த சிறுகதை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அடுத்து என்ன நேருமோ என்ற பதைப்பு அதில் இராது.

வீட்டில் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராதவர்கள், சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே உள்ள பகுதிக்குச் செல்லலாம். யாரோடும் பேச வேண்டியதில்லை, தனியாகவும் இருக்க வேண்டியதில்லை. குளித்து, உடை மாற்றி, பேருந்து ஏறி அங்கே போய்ச் சேர்வதிலேயே அன்றைய பயனில் பாதி கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

திரைப்படத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. தற்கொலையைக் காதலின் உச்சமாகவும் மனநோயைச் சிரிப்புக்குரியதாகவும் காட்டும் வழக்கம் நம் சினிமாவில் நெடுங்காலமாக உண்டு. ஆதலால், அப்படிப்பட்ட காட்சி இருக்கிறதா என்று படத்தைப் பார்த்த ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நள்ளிரவில் தனியாகப் பார்ப்பதையும், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியையும் தவிர்த்துவிடுங்கள்.

படித்தபின், அல்லது பார்த்தபின், எந்த இடம் நெஞ்சை அடைத்தது என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. “எனக்கு அப்பாவிடம் கோபம்” என்று சொல்ல வாய் எழாதவருக்கும், “அந்த அப்பா சாப்பிடாமல் எழுந்து போனாரே, அப்போது எனக்கு மூச்சு முட்டியது” என்று சொல்வது எளிதாகிறது. கதைமாந்தரைப் பற்றிப் பேசுவதுபோல் நம்மைப் பற்றியே பேசிவிட முடிகிறது.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் கழிந்தால் கதைகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது; கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவை அணுகலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தயங்குபவர்கள், எழுதிவைத்த அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினாலே போதும்.