தாடி ஐரிஸ்: கிழங்கைப் புதைக்காமல் நடுவது எப்படி

கிழங்கு என்றாலே கை தானாகக் குழி தோண்டப் போய்விடும். மஞ்சளோ இஞ்சியோ சேனையோ, எதை நட்டாலும் மண்ணுக்குள் தள்ளி மூடித்தானே பழக்கம். ஐரிஸ் விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் கெடுக்கும். நான் முதன்முதலில் வாங்கிய மூன்று கிழங்குகளை நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்து, காய்ந்துவிடப் போகிறதே என்று தினமும் தண்ணீர் வேறு ஊற்றினேன். ஒன்று அழுகிப்போனது. மற்ற இரண்டும் இரண்டு வருஷம் வெறும் இலையாக நின்றன, ஒரு மொட்டுகூட இல்லை. கடைசியில் கடுப்பாகி, மேல்மண்ணைக் கையால் வழித்தெடுத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். அடுத்த வசந்தத்தில் இரண்டிலும் பூந்தண்டு வந்தது.

இந்தச் செடியைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அக்கறைதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த ஐரிஸ் இது?

ஐரிஸ் பேரினத்தில் 250-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. சதுப்பில் வளர்வது, வெங்காயம் மாதிரி குமிழிலிருந்து முளைப்பது என்று பல ரகம். நாம் பார்க்கப்போவது உயரமான தாடி ஐரிஸ். பூவில் மூன்று இதழ்கள் மேலே நிமிர்ந்து கோபுரமாகக் கூடியிருக்கும், மூன்று கீழே தொங்கும். தொங்கும் இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பளிப்பூச்சி உள்ளே ஊர்ந்து போவதுபோல முடி முடியாக ஒரு கோடு இருக்கும், அதுதான் தாடி. வெறும் அலங்காரம் இல்லை அது, வண்டும் தேனீயும் பிடித்து ஏறி உள்ளே போகிற பாதை. 1920-இல் தொடங்கிய அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் கணக்குப்படி தண்டு 70 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால்தான் 'உயரமான' வகை, அதற்குக் கீழே உள்ளவை நடுத்தரம், குட்டை என்று தனித்தனிப் பிரிவு.

பெயர் கிரேக்கர்களின் வானவில் தேவதையுடையது. நம் கண்ணில் கருமணியைச் சுற்றியிருக்கும் வண்ண வளையத்துக்கும் அதே பெயர்தான். பொருத்தமான பெயர், ஏனென்றால் கிட்டத்தட்டக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எல்லா நிறமும் இதில் உண்டு. அசல் சிவப்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 'சிவப்பு' என்று விற்பதெல்லாம் செங்கல் நிறமோ ஒயின் நிறமோதான், படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உங்கள் இடத்துக்கு ஒத்துவருமா?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. இதற்குக் குளிர்காலம் வேண்டும். குளிரில் கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். உறைபனி, பனிப்பொழிவு எல்லாம் இதற்குப் பிரச்சினையே இல்லை, வருஷம் முழுக்க வெக்கையும் ஈரமுமாக இருக்கும் இடம்தான் ஆகாது. அங்கே இலை வரும், பூ வராது, நாளடைவில் கிழங்கும் அழுகும். உங்கள் இடம் அப்படியென்றால் காசைச் செலவழிக்காமல் வேறு செடி பாருங்கள்.

வாங்குவதும் நேரமும்

நடும் காலம் கோடையின் பின்பகுதி. வட அரைக்கோளத்தில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, தெற்கில் ஏறத்தாழ ஆறு மாதம் தள்ளி. கடும் உறைபனி தொடங்க ஆறு வாரமாவது இருக்க வேண்டும், அதற்குள் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கிழங்கு மண் இல்லாமல், இலைகளைக் கத்தரித்து, காய்ந்த நிலையில் வந்து சேரும். பெட்டியைத் திறந்ததும் 'செத்துப்போனதை அனுப்பிவிட்டார்களே' என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி கெட்டியாக இருந்தால் நல்ல கிழங்கு, பொதபொதவென்று அமுங்கினால் திருப்பி அனுப்புங்கள். உடனே நட முடியாவிட்டாலும் காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டிவைக்காதீர்கள்.

என்ன ரகம் என்று குழப்பமாக இருந்தால், பல வருஷமாகப் பல தோட்டங்களில் நின்று காட்டிய பழைய ரகங்களிலிருந்து தொடங்குங்கள். அடர் ஊதாவில் 'டஸ்கி சேலஞ்சர்', இளஞ்சிவப்பில் 'பெவர்லி சில்ஸ்'. இரண்டுமே ஐரிஸுக்கான உயரிய விருதான டைக்ஸ் பதக்கம் வாங்கியவை, முதலாவது 1992-இல், இரண்டாவது 1985-இல். வெள்ளையில் 'இம்மார்ட்டாலிட்டி' நல்லது, சூழல் ஒத்துவந்தால் இலையுதிர்காலத்தில் இன்னொரு முறையும் பூக்கும். புதிதாக வந்த ரகம் விலை அதிகம், முதல் கிழங்கை அழுகவிடுவதென்றால் மலிவானதை அழுகவிடலாமே.

இடமும் மண்ணும்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். அரை நிழலில் உயிரோடு இருக்கும், பூக்கத்தான் மனசு வராது.

வெயிலைவிட முக்கியம் வடிகால். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி அது நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் இன்னொரு முறை ஊற்றிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் சரி. மறுநாளும் குளம் மாதிரி நின்றால் அங்கே நடாதீர்கள், அல்லது முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி அதில் நடுங்கள். களிமண் என்றால் மட்கிய உரமும் பொடிச்சரளையும் கலந்து பொலபொலப்பாக்கலாம், ஆனால் பச்சைச் சாணம், மட்காத எரு எதுவும் கிட்டே வரக் கூடாது. மண்ணின் பிஎச் அளவு 6.5 முதல் 7 வரை இருந்தால் உத்தமம்.

நடுவது

பத்து பன்னிரண்டு செ.மீ. ஆழத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குழி எடுங்கள். எடுத்த மண்ணில் பாதியைக் குழியின் நடுவிலேயே போட்டுக் கூம்பாகக் குவியுங்கள். குவியலின் உச்சி தரைமட்டத்துக்கு வர வேண்டும். கிழங்கை அதன்மேல் படுக்கவைத்து, வேர்களைப் பிரித்து இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள், குதிரைமேல் உட்கார்ந்தவர் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் போட்டிருப்பதுபோல. இப்போது வேர்மேல் மண்ணைத் தள்ளி, வேருக்கடியில் பொந்து இல்லாதபடி விரலால் நன்றாக அழுத்துங்கள். தண்ணீர் விட்டதும் மண் கொஞ்சம் இறங்கும். எல்லாம் முடிந்த பிறகு, குட்டையில் படுத்திருக்கும் எருமையின் முதுகு தெரிவதுபோலக் கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும். அவ்வளவுதான் ஆழம். கோடை கொளுத்தும் இடமாக இருந்தால் மட்டும் இரண்டு செ.மீ. மண்ணை மேலே மெல்லிசாகத் தூவலாம், அதற்குமேல் வேண்டாம்.

திசையும் உண்டு. இலை விசிறி இருக்கும் பக்கமாகத்தான் கிழங்கு முன்னால் நகர்ந்து வளரும், பின்பக்கம் வெறும் வால். அதனால் விசிறிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி நட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. இடைவெளி ஒன்றிலிருந்து ஒன்றரை அடி. ஒரு அடிதான் விட்டேன் என்றால் பாத்தி சீக்கிரம் நிறையும், சீக்கிரம் பிரித்து நடவும் வேண்டிவரும்.

தண்ணீர், உரம்

நட்டவுடன் ஒரு முறை நிறையத் தண்ணீர். பிறகு மூன்று நான்கு வாரம் மேல்மண் காயக் காய விட்டால் போதும். நடுவிசிறியில் புது இலை எட்டிப் பார்த்துவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் நீண்ட வறட்சி வந்தாலொழிய குழாயைத் தொடாதீர்கள்.

வசந்தத் தொடக்கத்தில் ஒரு பிடி உரம், பூத்து முடிந்து ஒரு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம். தழைச்சத்து குறைவாக, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடுதலாக இருக்க வேண்டும், 5-10-10 என்று மூட்டையில் போட்டிருக்குமே, அந்த மாதிரி. புல்தரைக்கு வாங்கிய தழைச்சத்து உரத்தைப் போட்டால் இலை கொழுத்து, கிழங்கு மெத்துமெத்தென்று ஆகி, அழுகலுக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். உரத்தைச் சுற்றித் தூவுங்கள், கிழங்கின்மேல் கொட்டாதீர்கள். மூடாக்கும் வேண்டாம். மற்ற செடிகளுக்கெல்லாம் நான் வைக்கோல் போடுகிறவன்தான், இதற்கு மட்டும் போடுவதில்லை.

பூக்கும்போது

முதல் வசந்தத்தில் பூக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம், இரண்டாவதில் பாருங்கள். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், ஆனால் ஒரே தண்டில் பல மொட்டுகள் அடுத்தடுத்து விரியும். வாடிய பூவை விரலால் ஒடித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஈரத்துணி மாதிரி அடுத்த மொட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டுங்கள். பச்சை இலைகளை மட்டும் அழகுக்காகக் கத்தரித்துவிடாதீர்கள், அடுத்த வருஷப் பூவுக்கு அவைதான் சமைக்கின்றன.

ஒரு கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்த தாய் ஓய்ந்துவிடும், பக்கங்களில் முளைத்த பிள்ளைகள்தான் அடுத்துப் பூக்கும். நம் வாழை மாதிரியேதான், இது புரிந்துவிட்டால் பிரித்து நடுவது ஏன் என்பதும் புரியும்.

அழுகல் வந்தால்

முதலில் மூக்குக்குத்தான் தெரியும், அவ்வளவு நாற்றம். இலை விசிறியைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் கிழங்கு கூழாகிக் கிடக்கும். பாக்டீரியா வேலை இது. மற்ற கிழங்கெல்லாம் போச்சு என்று பிடுங்கி எறிய வேண்டாம். ஒரு பழைய கரண்டியால் கூழை முழுக்க வழித்து எடுங்கள், வெள்ளையாகக் கெட்டியான சதை தெரியும்வரை சுரண்டுங்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, மண்ணை விலக்கி வெயில் படும்படி திறந்தே விடுங்கள். கரண்டியையும் கத்தியையும் அதே திரவத்தில் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நாயும் பூனையும் கிழங்கைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கு நஞ்சு.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, ஐரிஸ் துளைப்பான் புழு. இலையில் நீர் கசிந்த மாதிரி கோடு தெரிந்தால் அந்த இடத்தை விரலால் நசுக்குங்கள், உள்ளே புழு இருக்கும். விட்டால் இலை வழியாகவே கிழங்குக்குள் இறங்கிவிடும். முட்டை காய்ந்த இலைகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால் இலையுதிர்காலக் கடைசியில் பழைய இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துவதுதான் நல்ல மருந்து.

பிரித்து நடுவது

மூன்று நான்கு வருஷத்தில் பாத்தி நெருங்கி, நடுவில் மொட்டையாகி, பூ குறையும். பூத்து ஆறு வாரம் கழித்து மொத்தக் கொத்தையும் கிளப்பி எடுங்கள். வேர் ஆழமில்லை, சுலபமாக வந்துவிடும். ஓரத்துப் பிள்ளைக் கிழங்குகளை, ஆளுக்கு ஒரு விசிறி இருக்கும்படி ஒடித்தோ வெட்டியோ பிரியுங்கள். நடுவில் இருக்கும் இலையற்ற கிழட்டுக் கிழங்கை எறிந்துவிடலாம். இலைகளை ஒரு சாண் நீளத்துக்கு விசிறி வடிவில் கத்தரித்து, வெட்டுக்காயம் காய ஓரிரு நாள் நிழலில் வைத்துவிட்டு, மேலே சொன்னபடி நடுங்கள்.

தோண்டும் முன்பே இன்னொரு வேலை: அழியாத மார்க்கர் பேனாவால் ரகத்தின் பெயரை ஒவ்வொரு விசிறியின் இலையிலும், கத்தரித்த பிறகும் நிற்கும்படி அடிப்பக்கமாக எழுதிவிடுங்கள். பூ இல்லாதபோது எல்லாக் கிழங்கும் ஒரே முகம். நான் எழுதாமல் விட்டு, ஊதாவுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரிய அடுத்த மே மாதம்வரை காத்திருந்தேன்.