நிருபரின் போனில் உங்கள் எண் பதிவாக வேண்டுமானால்

புதிதாக ஒன்றைத் தொடங்கும் நாளில்தான் பலருக்குப் பத்திரிகைக்காரர்களின் நினைவே வருகிறது. அவசர அவசரமாக நூறு மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டி, ஒரே குறிப்பை எல்லோருக்கும் தட்டிவிடுகிறார்கள். மறுநாள் எந்தப் பக்கத்திலும் ஒரு வரி வருவதில்லை. பக்கம் முடிக்கும் பரபரப்பில் இருக்கும் நிருபர், முன்பின் தெரியாதவரின் மின்னஞ்சலைத் திறக்க எந்தக் காரணமும் இல்லை. கையில் செய்தி இல்லாத நாளில், குறைந்தது மூன்று மாதம் முன்னதாகவே நிருபர்களோடு பழகும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் பட்டியல். பதினைந்து பேர் போதும். உங்கள் துறையைப் பற்றிக் கடந்த ஆறு மாதத்தில் தம் பெயரோடு எழுதியவர்களாக இருக்க வேண்டும். பெயர், ஊடகம், எந்த பீட் (அவர் செய்தி சேகரிக்கும் துறை), கடைசியாக எழுதிய மூன்று செய்திகள், எப்போது அழைக்கலாம், கடைசியாகப் பேசிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பீட் அடிக்கடி மாறும். சுகாதாரம் பார்த்தவர் இன்று அரசியல் பார்க்கலாம். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபாருங்கள். நிருபர் விடுப்பில் இருந்தாலும் குறிப்பு போய்ச் சேர, செய்திப் பிரிவின் பொது முகவரியையும் சேர்த்து வையுங்கள்.

முதல் தொடர்பில் எதையும் கேட்காதீர்கள். அவர் எழுதிய ஒரு செய்தியைக் குறிப்பிட்டு, அதற்குத் தொடர்பான ஒரு தகவலையோ ஆவணத்தையோ கொடுங்கள். நான்கு வரி போதும். உங்களுக்கு எந்த விஷயத்தில் ஆழமாகத் தெரியும், எந்த எண்ணில் கிடைப்பீர்கள் என்பது அதில் இருக்கட்டும். பிறகு அவர் அழைக்கும்போது உடனே எடுங்கள். முடியாவிட்டால் அரைமணி நேரத்துக்குள் திருப்பி அழையுங்கள். நான்கு மணிக்குக் கேட்ட விவரத்தை ஏழு மணிக்குக் கொடுத்தால், அதற்குள் வேறொருவரின் கருத்தோடு செய்தி போயிருக்கும். கேட்ட விஷயம் தெரியாவிட்டால் தெரிந்தவரின் எண்ணைக் கொடுங்கள், அவர் உங்கள் போட்டியாளராக இருந்தாலும். நம்பிக்கையை இதைவிட வேகமாக வளர்க்கும் வழி வேறில்லை.

நேரம் தெரியாமல் அழைப்பது நட்பைக் கெடுக்கும். காலை நாளிதழ்களில் அன்றைய செய்திகளைத் திட்டமிடும் கூட்டம் பெரும்பாலும் முற்பகலில் நடக்கும். அது முடிந்ததிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை பேசலாம். மாலை ஐந்துக்குமேல் அவசரச் செய்தி தவிர வேறெதற்கும் அழைக்காதீர்கள். மாத இதழுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். தொலைக்காட்சிக்குக் காட்சி வேண்டும். மேசைக்குப் பின்னால் ஒருவர் பேசுவதை எடுக்க அவர்கள் கேமராவோடு வரமாட்டார்கள். வானொலிக்கு நன்றாகப் பேசக்கூடிய ஒரு குரல் வேண்டும்.

செய்திக்குறிப்பு ஒரு பக்கம், 300 முதல் 400 சொற்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற ஐந்தும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். இடப்பற்றாக்குறையில் உதவி ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். முக்கியமானது கடைசிப் பத்தியில் இருந்தால் அதுதான் முதலில் போகும். ‘தலைசிறந்த’, ‘முன்னணி’ போன்ற சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் எண்ணை வையுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். பெயரும் பதவியும் உள்ள ஒருவரின் மேற்கோள் ஒன்று போதும். முழு வாசகத்தையும் மின்னஞ்சலிலேயே ஒட்டுங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் சிதறும். பழைய எழுத்துருக்களிலும் அதே தொல்லை என்பதால் யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

நல்ல செய்தியையும் மோசமான படம் கெடுத்துவிடும். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை; பத்து அங்குல அகலத்தில் போடக்கூடிய படம் என்றால் 3000 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது இணைப்பைக் கொடுங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயர் மாறி அச்சாகும்.

குறிப்பை அனுப்பிய மறுநாள் ஒருமுறை கேட்கலாம். ‘கிடைத்ததா’ என்று மட்டும் கேட்காமல், புதிதாக ஒரு விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குமேல் துரத்த வேண்டாம். செய்தி வராவிட்டால் ஏன் என்று விசாரிக்காமல், எப்படிப்பட்ட தகவல் உங்களுக்கு உதவும் என்று இன்னொரு நாள் கேளுங்கள்.

சில சொற்களின் பொருளை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ‘இது வெளியிட அல்ல’ என்பதைப் பேசுவதற்கு முன்பே சொல்லி, அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேசி முடித்தபின் சொன்னால் அவர் கட்டுப்பட வேண்டியதில்லை. குறிப்பிட்ட நேரம்வரை வெளியிடாமல் வைத்திருக்கச் சொல்லும் எம்பார்கோவும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் என்று எக்ஸ்க்ளூசிவ் கொடுத்தால், எந்தத் தேதிவரை என்று பேசி, அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரே ‘எக்ஸ்க்ளூசிவ்’ இரண்டு பத்திரிகையில் வந்தால் இரண்டு கதவும் அடைபடும்.

வெளியாகும் முன் செய்தியைக் காட்டச் சொல்வது பெரிய தவறு. வாசகருக்காக எழுதுபவர் அவர், நம் சார்பில் எழுதுபவர் அல்ல. தொழில்நுட்ப விவரங்களையும் எண்களையும் மட்டும் சரிபார்த்துத் தருகிறேன் என்று சொல்லலாம். பலர் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். விளம்பரம் தருகிறோம், செய்தி போடுங்கள் என்று பேரம் பேசுவதும், பரிசோ பணமோ நீட்டுவதும் நேர்மையான நிருபரை அவமதிக்கும் செயல். இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

தலைப்பு பிடிக்கவில்லை என்று நிருபரிடம் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் தலைப்பு வைப்பது, செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர். உண்மைப் பிழை இருந்தால், எந்த வரி, எது சரி, அதற்கு என்ன ஆதாரம் என்று மூன்றையும் எழுதி முதலில் நிருபருக்கு அனுப்புங்கள். ஆசிரியரிடம் போவது அதற்குப் பிறகுதான்.

கெட்ட செய்தி வரும் நாளில்தான் இந்த உறவு சோதிக்கப்படும். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் பாலத்திலிருந்து நீருக்குள் விழுந்தபோது, அந்நிறுவனத்தின் விளம்பர ஆலோசகரான ஐவி லீ நடந்ததை மறைக்காமல் அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இன்றைய செய்திக்குறிப்பின் முதல் வடிவம் என்று அதைச் சொல்வது வழக்கம். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், அடுத்த விவரம் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லி அந்த நேரத்துக்குக் கொடுங்கள். அன்று போனை அணைத்து வைத்தவரை, பிறகு அவர் நல்ல செய்தியோடு வரும்போது யாரும் நம்புவதில்லை.

செய்தி வந்ததும் இரண்டு வரியில் நன்றி எழுதி, தேதியைப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். நிருபர் வேறு ஊடகத்துக்கு மாறினால், அவருடைய இடத்துக்கு வருபவரின் பெயரை அவரிடமே கேட்டு வாங்குங்கள். பழையவரின் பெயரை அடிக்காமல் புதிய முகவரியோடு பட்டியலிலேயே வைத்திருங்கள்.