நித்திரைக்கு உதவி தேடிக் கண்டடைந்த வழி

இரவு ஒன்பது மணிக்கே படுத்தாலும் நள்ளிரவு தாண்டியும் விழித்துக் கிடப்பதும், விடியுமுன் காரணம் தெரியாமல் அழுகை வருவதும் எனக்கு வழக்கமாகியிருந்தன. மட்டக்களப்பு நகரில் தனியார் சிகிச்சை நிலையமொன்றில் தலையிடியையும் களைப்பையும் சொன்னபோது இரத்தப் பரிசோதனையும் குளிசைகளும்தான் கிடைத்தன. இணையத்தில் கண்ட உளவளத்துணையாளர்களில் பலர் கொழும்பில் இருந்தார்கள். சிலருக்குத் தமிழ் தெரியாது.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் பேசிய பிறகே வழி தெரிந்தது. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சிகிச்சை இலவசம். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இதைப் பலர் அறியாமலிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மனநலப் பிரிவில் கேட்ட முதற் கேள்வி, எத்தனை மணிநேரம் உறங்குகிறேன் என்பதல்ல, எத்தனை மணிநேரம் படுக்கையில் கிடக்கிறேன் என்பதே. கொப்பியில் எழுதிப் பார்த்தபோது, படுக்கையில் ஒன்பது மணிநேரமும் உறக்கத்தில் ஐந்தரை மணிநேரமுமாக இருந்தது. ஆகவே படுக்கையில் கிடக்கும் நேரத்தை உறங்கும் நேரத்தின் அளவுக்குக் குறைக்க, இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகே படுக்க வேண்டும், உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் அமர வேண்டும், எப்போது உறங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், வெக்கை எவ்வளவு இருந்தாலும் பகலில் கண்ணயரக் கூடாது என்றார்கள். தொடக்கத்தில் பகல் களைப்பு கூடியது. பின்னர் படுத்தவுடன் உறக்கம் வரத் தொடங்கியதும், படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னகர்த்தினோம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் இதை வைத்தியரின் மேற்பார்வையின்றிச் செய்யக் கூடாது. அழுகைக்கான காரணங்களைப் பிரதேச செயலக உத்தியோகத்தருடன் தொடர்ந்து பேசி வருகிறேன்.