பிள்ளைகளின் படிப்புக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் உதவி செய்ய ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று புத்தகப் பை கிடைத்துவிடும். நாலைந்து மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கணக்கு நோட்டு தீர்ந்துபோய், பழைய நோட்டின் பின்னட்டையில் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும் அதே பிள்ளை. கொடுக்கிற மனசுக்குக் குறைவில்லை. யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்காமல் கொடுப்பதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால், மற்ற பாதித் தவறுகள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. கடைக்குப் போகும் முன் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். "நோட்டு வேண்டும்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். கோடு போட்டதா, போடாததா, கட்டம் போட்டதா? எந்த மாதத்தில் தீரும்? சில சமயம் பதில் நாம் நினைத்தே பார்க்காததாக இருக்கும்: கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாத இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கு வந்துபோகப் பேருந்துக் காசு. தாழ்ப்பாளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள முடியாதுதான்.

புத்தகம் கொடுத்தால் தப்பாகாது என்று தோன்றும். கென்யாவில் 1990களில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்து, அதன் பலனைப் பொருளியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். மைக்கேல் கிரெமர் அவர்களில் ஒருவர். சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி.

சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறும் இதே வகைதான். நாலாம் வகுப்புப் பிள்ளை என்றதும் நாலாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்துவிடுகிறோம். பிள்ளை மடமடவென்று வாசிக்கும். நமக்கும் சந்தோஷம். அதன் விரலைக் கவனியுங்கள்: வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் ஐந்தாவதில். பக்கத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் காட்டிக் கேட்டால் பதில் வராது. அத்தனையும் மனப்பாடம். இந்தியாவில் பிள்ளைகளின் படிப்புக்காக வேலை செய்யும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு வகுப்பையும் வயதையும் ஒதுக்கிவைத்து, இப்போது என்ன தெரியும் என்பதைப் பார்த்துக் குழு பிரிக்கிறது: எழுத்து தெரிந்தவர்கள், சொல் வாசிப்பவர்கள், பத்தி வாசிப்பவர்கள். நீங்களும் முதல் நாளை இதற்கே ஒதுக்குங்கள். பாடம் எங்கேயும் ஓடிப்போகாது.

வீட்டுப்பாடத்தை நீங்களே முடித்துக்கொடுக்காதீர்கள். மறுநாள் நோட்டைப் பார்க்கும் ஆசிரியர், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

அப்புறம், ஆரம்ப வேகம். வாரம் நாலு நாள் வருகிறேன் என்று நானும் வாய் விட்டிருக்கிறேன். மூன்றாவது வாரமே சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வாரம் ஒரு மணி நேரம் என்று குறைத்துக்கொண்ட பிறகுதான் ஒரு வருடம் ஓட்ட முடிந்தது. பணம் கொடுப்பதும் இப்படித்தான். ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த வருடம் போனை எடுக்காமல் இருந்தால் படிப்பு நடுவில் நிற்கும். எத்தனை வருடம் முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டணமாகக் கொடுப்பதைப் பள்ளியிலேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடையில் பெயர் கூப்பிட்டு, பையின் ஒரு கைப்பிடியை நாமும் மறு கைப்பிடியைப் பிள்ளையும் பிடித்தபடி எடுக்கும் அந்தப் படம் வேண்டவே வேண்டாம். இல்லாத வீடு எது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-வது பிரிவு, பிள்ளைகளுக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. ஆசிரியர் வழியாகச் சத்தமில்லாமல் கொடுத்தால் போதும்.

அடையாள அட்டை கேட்டால், பின்னணி விசாரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விசாரிக்கிற பள்ளிதான் நல்ல பள்ளி. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காருவதும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைக்குச் செய்தி அனுப்புவதும் கூடவே கூடாது.

வேலை மாறியோ ஊர் மாறியோ நிறுத்த வேண்டி வந்தால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே பிள்ளையிடம் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்தக் கணக்கு வரை வந்திருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, அடுத்து வருபவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.